உள்ளே தெரியும் பூட்டு எதைக் கற்றுத் தருகிறது?

சாவியில்லாமல் பூட்டுத் திறக்கப் பழகுபவர்களுக்கென்றே ஒரு பூட்டு இணையத்தில் விற்கிறது. உடம்பு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே ஐந்தாறு பின்கள். பித்தளைப் பூட்டின் பக்கத்தை அரத்தால் ராவி, ஜன்னல் வைத்துத் தாங்களே செய்துகொள்பவர்களும் உண்டு. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று விளக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் திறக்கப் பழகுவதற்கு இது சுமாரான வாத்தியார்தான்.

காரணம் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாவி நுழையும் உருளையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கு மேல் ஸ்பிரிங். சரியான சாவி போனால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு வந்து நிற்கும், உருளை சுற்றும். 1860களில் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. துளைகள் அச்சுப் பிசகாமல் ஒரே கோட்டில் இருந்தால் திறப்பவன் பாடு திண்டாட்டம். எந்தத் தொழிற்சாலையிலும் அப்படி வராது, மயிரிழை விலகும். அதனால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் ஏதோ ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைத் தூக்கினால் 'டிக்'னு உட்காரும், அடுத்தது இறுகும். அவ்ளோதான் வித்தை.

அந்த இறுக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். ஜன்னல் வைத்த பூட்டில் கண் முந்திக்கொள்கிறது. பின் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுகிறோம், விரல் எதையும் கற்றுக்கொள்வதில்லை. மலிவான பிளாஸ்டிக் பூட்டுகளில் துளைகள் வேறு தொளதொளவென்று இருக்கும். இரண்டாம் நாளே துணியைச் சுற்றிவிட்டுப் பழகுவது உத்தமம். (சொந்தமாக ராவுகிறவர்களுக்கு ஒன்று: பின்னின் குறுக்களவு சுமார் 3 மி.மீ. ஜன்னல் அதைவிட ஒடுக்கமாக இருக்கணும். இல்லாவிட்டால் பின்னும் ஸ்பிரிங்கும் தெறித்துக் கட்டிலுக்கடியில் போய்விடும்.)

என் பெரிய குறை வேறு. நெட்டுக்குப்பத்தில் வலைக் கொட்டகையிலும் பெட்டிக்கடையிலும் நான் பார்த்தவை பெரும்பாலும் லீவர் பூட்டுகள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டும் லீவர் ஜாதிதான். தகடு தகடாக லீவர்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் தன் உயரத்துக்குச் சரியாக எழும்பினால்தான் தாழ் நகரும். கொஞ்சம் அதிகம் எழும்பினாலும் நகராது. ராபர்ட் பாரன் 1778இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த யோசனை. முகத்துவாரத்து உப்புக்காற்றில் இந்தத் தகடுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின் பூட்டில் மட்டும் பழகிய பையன் இதற்கு முன்னால் முழிப்பான்.

இதை வெட்டித் திறப்பது சுலபம். ரிவெட் தலைகளை ராவிவிட்டு முன்தகட்டைக் கழற்றி, அதே அளவில் அக்ரிலிக் தகடு வெட்டி, சாவித்துளை போட்டு, ஸ்குரூவால் முடுக்கினால் போதும். லீவர்களின் வரிசையை மட்டும் குறித்துவைக்கணும். முன்னாலிருந்து பார்த்தால் மேல் லீவர் ஒன்றுதான் தெரியும், மற்றவை அதற்கடியில் மறைந்திருக்கும். அதுவே இதன் பலம் என்பேன். முதல் லீவரில் கண் பாடம், மீதி ஆறிலும் விரல் பாடம். பாதியை மறைக்கிற பூட்டுதான் பாதியையாவது கற்றுத் தருகிறது.

"திருடனுக்குச் சொல்லிக் குடுக்கறியாப்பா?" என்று கேட்பார்கள். பழைய கேள்வி. 1851இல் லண்டன் பொருட்காட்சி நடந்தபோது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் கம்பெனியின் பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்தார். பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் பரவலாக ஐம்பது மணிநேரம் உட்கார்ந்தார். நம்ம தெருத் திருடனுக்கு அந்தப் பொறுமை ஏது? கடப்பாரையை நாதாங்கியில் கொடுத்து ஒரே நெம்பு.

பழைய லீவர் பூட்டுகள் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். சாவியோடு இருப்பதாகப் பார்த்து எடுங்கள். சாவி இருந்தால் லீவர் நிற்க வேண்டிய உயரம் எது என்று சுலபமாகப் பார்க்கலாம்.