வளர்த்த கல்லூரிக்கு என்ன மிச்சம்?

2025 ஏப்ரலில் ஹூஸ்டனை 65-63 என்று வீழ்த்தி, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியக் கோப்பையை வென்றது ஃபுளோரிடா பல்கலைக்கழகம். அந்த அணியின் தொடக்க வரிசையில் இருந்த மூன்று ‘கார்டு’ நிலை ஆட்டக்காரர்களில் ஒருவரைக்கூட ஃபுளோரிடா கண்டெடுக்கவில்லை. இறுதிக்கட்ட ஆட்டங்களின் சிறந்த வீரராகத் தேர்வான வால்டர் கிளேட்டன் ஜூனியர், நியூயார்க்கின் அயோனாவில் இரண்டு ஆண்டுகள் ஆடியவர். இறுதி ஆட்டத்தில் 18 புள்ளிகள் எடுத்த வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டில் தொடங்கினார். அலிஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கில் ஆடி, 2023இல் அந்தக் கல்லூரியைக் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக்கிவிட்டு வந்தவர். மூன்றுமே பெரிய கான்ஃபரன்ஸ்களின் (கல்லூரிக் குழுமங்களின்) பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தமும் எட்டாத ‘மிட்-மேஜர்’ கல்லூரிகள். இளைஞர்களை அடையாளம் கண்டு ஆளாக்கிய வகையில் ஃபுளோரிடாவிடமிருந்து அவற்றுக்கு ஒரு டாலரும் வரவில்லை.

இதைத் திருட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாறுவதற்கு ஆட்டக்காரருக்கு உள்ள உரிமை நியாயமானது. அந்த உரிமை வருவதற்கு முன்பு இருந்த நிலையை நினைத்துப் பார்த்தால் போதும். கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரர் பொதுவாக ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும். பழைய கல்லூரி சம்மதிக்காவிட்டால், புதிய கல்லூரி அவரோடு பேசவே முடியாது. அதே நேரத்தில் பயிற்சியாளர் நினைத்த நாளில் கிளம்பலாம். ஆட்டக்காரர்களுக்கான தடை தளர்ந்த பிறகு நடந்ததுதான் என்றாலும், பயிற்சியாளரின் சுதந்திரத்துக்கு ஓர் உதாரணம்: 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், தேசியப் போட்டியில் 15ஆம் தரவரிசையில் நுழைந்து கென்டக்கியையும் பர்டியூவையும் சாய்த்துக் கடைசி எட்டுக்குள் போனது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹாலில் வேலை ஏற்றுக்கொண்டார். அவரை யாரும் ஓர் ஆண்டு உட்காரச் சொல்லவில்லை. சம்பளம் வாங்குபவருக்கு எப்போதும் இருந்த இந்தச் சுதந்திரம் வாங்காதவருக்கு மறுக்கப்பட்டதுதான் அந்தப் பழைய ஏற்பாடு.

மாற்றம் படிப்படியாக வந்தது. 2018 அக்டோபரில் ‘ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற பதிவேடு திறந்தது. அதில் பெயர் சேர்த்தால் எந்தக் கல்லூரியும் பேசலாம். 2021இல் ஒருமுறை மாறினால் காத்திருக்க வேண்டாம் என்று விதி தளர்ந்தது. அதே ஜூலையில், தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க மாணவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அடுத்தடுத்த மாற்றங்களுக்கு இருந்த தடையையும் நிறுத்திவைக்க, 2024இல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே எண்ணிக்கை வரம்பைக் கைவிட்டது. இப்போது ஒரு வசந்தத்தில் முதல் டிவிஷனின் ஆண்கள் பிரிவிலிருந்து மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் பதிவேட்டில் ஏறுகிறார்கள். இருப்பவையோ 360 சொச்சம் அணிகள்.

இதனால் மிட்-மேஜர்களுக்கு இழப்பு மட்டும்தான் என்பது அரை உண்மை. 2023இல் தேசிய இறுதி ஆட்டம் வரை போன சான் டியேகோ ஸ்டேட் அணியில் கலிஃபோர்னியா, சியாட்டில், டி.சி.யூ., ஓக்லாண்ட் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் முக்கியப் பங்கு வகித்தார்கள். அதே ஆண்டு, முதல் தரவரிசையில் இருந்த பர்டியூவை ஃபேர்லி டிக்கின்சன் 63-58 என்று வீழ்த்தியபோது, அதன் முதுகெலும்பாக இருந்தவர்கள் இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றிலிருந்து பயிற்சியாளரோடு கூடவே வந்தவர்கள். 2024இல் ஓக்லாண்டின் ஜாக் கோல்கி பத்து மூன்று-புள்ளி எறிதல்களால் கென்டக்கியை வீட்டுக்கு அனுப்பினார். அவர் அதற்கு முன்பு ஆடியதும் இரண்டாம் டிவிஷன் கல்லூரியான ஹில்ஸ்டேலில்தான்.

ஆக, மேலே இருப்பவர்கள் தங்களுக்குச் செய்வதாக மிட்-மேஜர்கள் புகார் சொல்லும் காரியத்தை, அவர்களும் கீழே இருப்பவர்களுக்குச் செய்கிறார்கள். டிரேக் கல்லூரிக்கு 2024-25இல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. இரண்டாம் டிவிஷனில் நான்கு தேசியப் பட்டங்கள் வென்ற பென் மெக்காலம், நார்த்வெஸ்ட் மிசௌரி ஸ்டேட்டிலிருந்து பென்னட் ஸ்டிர்ட்ஸ் உள்ளிட்ட ஆட்டக்காரர்களோடு டிரேக்குக்கு வந்தார். அந்த ஒரே சீசனில் 31 வெற்றிகள். சீசன் முடிந்ததும் அவர் அயோவாவுக்குப் போனார். ஸ்டிர்ட்ஸும் பின்னாலேயே போனார். டிரேக்கின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வருத்தத்தின் முதல் உரிமையாளர் நார்த்வெஸ்ட் மிசௌரிதான்.

உண்மையான சேதம் வேறோர் இடத்தில் இருக்கிறது. சிறிய கல்லூரி பெரியதை மார்ச் மாதத் தேசியப் போட்டியில் வீழ்த்துவதற்கு இருந்த ஒரே மூலதனம் வயது. பெரிய கல்லூரிகளின் பதினெட்டு வயதுத் திறமைசாலிகள் ஓர் ஆண்டில் தொழில்முறை என்.பி.ஏ.வுக்குப் பறந்துவிடுவார்கள்; எதிரே மூன்று, நான்கு ஆண்டுகள் சேர்ந்தே ஆடிய இருபத்திரண்டு வயது அணி நிற்கும். சக ஆட்டக்காரர் எந்தப் பக்கம் வெட்டுவார் என்பது பார்க்காமலே தெரியும். இன்று அந்த மூன்றாம், நான்காம் ஆண்டுகளைப் பெரிய கல்லூரிகள் விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. நாற்றங்கால் ஓர் ஊரில், அறுவடை இன்னோர் ஊரில்.

இதன் அடுத்த விளைவு இன்னும் மோசம். அதைப் பற்றிப் பேச்சு குறைவாக இருப்பது எனக்கு ஆச்சரியம். தேறினால் போய்விடுவான், தேறாவிட்டால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பான் என்றால், பள்ளி முடித்த பையனுக்கு இரண்டு ஆண்டுகள் பொறுமை காட்ட எந்தப் பயிற்சியாளருக்கு மனம் வரும்? அந்த உதவித்தொகையை வேறு கல்லூரியில் ஆடிப் பழகிய ஒருவருக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். சுதந்திரத்தின் பயனை அனுபவிப்பவர்கள் ஏற்கெனவே ஆட இடம் கிடைத்தவர்கள். இடமே கிடைக்காதவர்கள் எந்தப் பட்டியலிலும் தெரிவதில்லை.

2025இன் கடைசிப் பதினாறு அணிகளில் ஒரு மிட்-மேஜர்கூட இல்லாததை இந்த முறையின் தோல்விக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது முழுச் சான்றல்ல. அந்தப் பதினாறில் இருந்த ஹூஸ்டனும் பிரிகாம் யங்கும் 2023 வரை பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு வெளியே இருந்தவை. வென்றவர்கள் பக்கம் மாறிக்கொண்டதும் கணக்கில் சேர வேண்டும். அணி கலையாமல் இருப்பதும் உத்தரவாதமல்ல. 2023இன் கடைசி நான்கு அணிகளில் ஒன்றான ஃபுளோரிடா அட்லாண்டிக், முக்கிய ஆட்டக்காரர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டு வந்து, முதல் சுற்றில் நார்த்வெஸ்டர்னிடம் தோற்றது. பிறகுதான் பயிற்சியாளர் டஸ்டி மே மிச்சிகனுக்கும், மார்ட்டின் ஃபுளோரிடாவுக்கும், ஜோனெல் டேவிஸ் ஆர்கன்சாவுக்கும் பிரிந்தார்கள்.

கவனிக்க வேண்டியது காலவரிசையை. மாறும் சுதந்திரம் 2021இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டு மிட்-மேஜர்கள் கடைசி நான்கில் இருந்தன. பணம் பெருகிய பிறகுதான் தராசு சாய்ந்தது. கதவு திறந்ததைவிட, கதவுக்கு வெளியே யார் எவ்வளவோடு நிற்கிறார்கள் என்பதே பெரிது. 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரலாம்; முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். சிறிய கல்லூரிகள் பலவற்றில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்தே அவ்வளவு செலவாவதில்லை.

ஆகவே பழைய தடையை மீட்பது தீர்வல்ல. அந்தத் தடை ஆட்டக்காரரைத் தண்டித்ததே தவிர, வளர்த்த கல்லூரிக்கு எதையும் தந்ததில்லை. பயனுள்ள முன்மாதிரி உலகக் கால்பந்தில் இருக்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒரு வீரர் விலைக்குக் கைமாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல: ஒப்பந்தக் காலம் முடியுமுன் பயிற்சியாளர் கிளம்பினால், பழைய கல்லூரிக்கு இழப்பீடு வருகிறது.

ஒரு நிபந்தனை முக்கியம். வளர்த்த கல்லூரிக்கான இழப்பீடு, ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தின் பெட்டியிலிருந்து வர வேண்டும். ஆட்டக்காரருக்குப் போகும் பங்கில் கைவைத்தால் பழைய தண்டனையே வேறு சட்டை போட்டு வரும். சட்டச் சிக்கலும் உண்டு. கால்பந்தில்கூட ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு விலை கேட்க முடியாது என்று 1995இல் பொஸ்மான் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, இழப்பீடு கேட்க நடப்பில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். வருவாய்ப் பகிர்வு வந்த பிறகு கல்லூரிக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் எழுத வழி பிறந்திருக்கிறது. ஆனால் பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு வெளியே, அந்த ஏற்பாட்டில் சேர்வதும் சேராததும் கல்லூரியின் விருப்பம். பகிரப் பணம் இல்லாததால் சேராமல் நிற்கும் கல்லூரிக்குத்தான் இழப்பீடு மிக அவசியம். அதைக் கேட்பதற்கான காகிதமும் அதனிடம்தான் இல்லை.