மதகு யார் கையில்?

1881இல் ஹவாய் அரசர் கலாகவுவா உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். ஜப்பான், சயாம், பர்மா, கல்கத்தா, பம்பாய், ஐரோப்பா என்று நீண்ட அந்தப் பயணத்தின் பிற்பகுதியில் நியூயார்க்கில் தாமஸ் எடிசனைச் சந்தித்து மின்விளக்கைப் பற்றி விசாரித்தார். சில ஆண்டுகளுக்குள் ஹொனலூலுவின் இயோலானி அரண்மனையில் மின்விளக்குகள் எரிந்தன. வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது 1891இல்தான்.

நவீன வளர்ச்சி ஹவாய்ப் பண்பாட்டுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்ற விவாதத்துக்குள் நுழைபவர் இதைத் தெரிந்துகொண்டு நுழைவது நல்லது. ஏனென்றால் அந்த விவாதத்தில் இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒரே சித்திரத்தை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்: கரையில் மலர்மாலையோடு நிற்கும் வெள்ளந்தி மக்கள், கப்பலில் வந்து இறங்கும் புதுமை. ஒருவர் அதை மீட்பு என்கிறார், இன்னொருவர் அழிவு என்கிறார். சித்திரமே பிழை என்பதை இருவருமே கவனிப்பதில்லை.

1820இல் அமெரிக்க மதபோதகர்கள் வந்தார்கள், எழுத்து வந்தது. ஹவாய் மக்கள் அதை வியக்கத்தக்க வேகத்தில் பற்றிக்கொண்டார்கள். 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் வெளிவந்தன. அரச வம்சாவளிகள், பழம்பாடல்கள், அரசியல் சண்டைகள், அயல்நாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகள் எல்லாம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பக்கங்களில் கிடக்கின்றன. 1840இலேயே எழுதப்பட்ட அரசியல் சாசனம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஹவாய் வரலாற்றை எழுதியவர்கள் இந்தத் தாள்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆங்கில ஆவணங்களே போதும் என்று இருந்துவிட்டார்கள். அதனால்தான் ஹவாய் மக்கள் தங்கள் அரசு பறிபோனபோது வாய்மூடி இருந்தார்கள் என்ற கதை நெடுங்காலம் நிலைத்தது. 2004இல் வெளிவந்த தம் நூலில் ஆய்வாளர் நொயெநொயெ சில்வா அந்தக் கதையைத் தகர்த்தார். அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 1897இல் மக்கள் போட்ட 21,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளை வாஷிங்டன் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அன்று தீவுகளில் இருந்த ஹவாய் இனத்தவர் ஏறத்தாழ 40,000 பேர் என்பதை நினைத்தால் அந்த எண்ணின் கனம் புரியும்.

அந்த 40,000 தனியே ஒரு துயரம். 1778இல் கேப்டன் குக் வந்தபோது மக்கள்தொகை எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு உண்டு. குறைத்து மதிப்பிடுபவர்களே ஒரு லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். நூறாண்டுகளில் கொள்ளைநோய்கள் அவர்களைக் கொண்டுபோயின. இதை வளர்ச்சியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் நிலம் கைமாறியது இந்த மரணங்களின் நடுவில்தான்.

பழைய ஏற்பாட்டில் நிலம் மலையுச்சியிலிருந்து கடலுக்குள் இருக்கும் பவளத்திட்டு வரை நீளும் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அஹுபுவா என்பது அதன் பெயர். மேலே மரம், நடுவே ஓடைநீர் பாயும் சேப்பங்கிழங்கு வயல், கீழே மீன்குளம், அப்பால் கடல். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் எடுப்பார்கள். வயலில் நின்ற நீர் திரும்ப ஓடைக்கே போகும். சேப்பங்கிழங்கு அங்கே வெறும் உணவல்ல. மனித இனத்தின் மூதாதைக்கு மூத்தவனாகப் பிறந்து இறந்த குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்த செடி அது என்பது அவர்களின் தொன்மம். ஆகவே அது மக்களுக்கு அண்ணன் முறை. இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று எழுதிவிட ஆசை வரும். தலைவர்களுக்கு உழைத்துக்கொடுக்க வேண்டிய கட்டாயமும், மீறினால் உயிரையே எடுக்கும் விலக்குகளும் அதில் இருந்தன. ஆனால் குடியானவன் நீருக்காகக் கெஞ்சும் நிலை இல்லை.

1848இல் நடந்த மாஹெலே என்ற நிலப் பங்கீடு அரசர், தலைவர்கள், அரசாங்கம் என்று தீவுகளின் 40 லட்சம் ஏக்கரைப் பிரித்தது. குடியானவர்கள் மனுப் போட்டு, அளந்து, சாட்சி வைத்துத் தம் துண்டைப் பெறலாம் என்று 1850இல் சட்டம் சொன்னது. தட்டம்மையும் கக்குவானும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட ஆண்டுகள் அவை. கடைசியில் குடியானவர்களுக்குக் கிடைத்தது 30,000 ஏக்கருக்கும் குறைவு. மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே 1850இல் வெளிநாட்டவர் நிலம் வாங்கலாம் என்றும் ஆயிற்று. நிலத்தைத் தனிச்சொத்தாக்கினால் வெளிநாட்டு வல்லரசுகளிடமிருந்து தப்பலாம் என்று நம்பித்தான் அரசரும் தலைவர்களும் இதற்கு இசைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நிலத்தைவிட நீரின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹவாய்த் தீவுகளில் காற்று மோதும் பக்கத்தில் மழை கொட்டும்; மலைக்கு மறுபக்கம் வறண்ட வெயில் சமவெளி. கரும்புக்கு வெயிலும் வேண்டும், கணக்கில்லாத நீரும் வேண்டும். ஆகவே மலையைக் குடைந்து மழைப்பக்கத்து ஓடைகளை வெயில்பக்கத்துக்குத் திருப்பினார்கள். மவுயி தீவில் 1876இல் முதல் பெருங்கால்வாயின் வேலை தொடங்கியது. 1878இல் சர்க்கரை முதலாளி கிளாஸ் ஸ்ப்ரெக்கல்ஸுக்கு நீர் உரிமை வழங்கத் தயங்கிய அமைச்சரவையைக் கலைத்துவிட்டு, புதிய அமைச்சரவை மூலம் அதை வழங்கியவர் வேறு யாருமல்ல, எடிசனைப் பார்க்கப்போன அதே கலாகவுவாதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, கரும்பு வளர்த்த வர்க்கமே துப்பாக்கிமுனையில் அவருடைய அதிகாரங்களைப் பிடுங்கியது. 1893இல் அவர் தங்கை ராணி லிலியுவொகலானியின் அரியணையும் போயிற்று. 1898இல் இணைப்பு, 1959இல் அமெரிக்காவின் 50ஆவது மாநிலம்.

ஒவாஹு தீவில் வையாஹோலே கால்வாய் 1916இல் முடிந்தது. மழைப்பக்கத்தில் ஓடைகள் மெலிந்தன, சேப்பங்கிழங்கு வயல்கள் காய்ந்தன. கடலுக்கும் ஓடைக்கும் இடையே ஏறி இறங்கி வாழும் மீன்களுக்கு வழி அடைபட்டது. 1995இல் அந்தக் கால்வாயின் நீரை எடுத்த சர்க்கரை ஆலை மூடியபோது ஓர் எளிய கேள்வி எழுந்தது. கரும்பே இல்லை, இனி நீர் எங்கே போக வேண்டும்? அப்படியே விட்டுவிடுங்கள், வேறு பயிருக்கும் கட்டடங்களுக்கும் பயன்படும் என்றது வெயில்பக்கம். திருப்பித் தாருங்கள் என்றது மழைப்பக்கம். 2000இல் மாநில உச்ச நீதிமன்றம், நீர் பொதுமக்களுக்காக அரசு காக்கவேண்டிய பொறுப்புச் சொத்து, எடுப்பவர்தான் தம் தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தது. 1978இல் திருத்தப்பட்ட மாநில அரசியல் சாசனம்தான் அதற்கு அடித்தளம். ஹவாய் மொழியை ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக்கியதும், பூர்வகுடிகளின் மரபு உரிமைகளை ஏற்றதும் அதே சாசனத் திருத்தமே.

மவுயி தீவின் லஹைனா ஊரின் கதை இவ்வளவு நல்லபடி முடியவில்லை. ஒருகாலத்தில் அரசின் தலைநகரம்; நடுவே குளமும் அதற்குள் அரசகுடும்பத்தின் தீவுத்திட்டும் இருந்த நீர்வளமான ஊர். நீர் கரும்புக்குப் போனது. குளம் சதுப்பாகித் தேங்கியது. 1914இல் அதைத் தூர்த்து விளையாட்டு மைதானம் ஆக்கினார்கள். 1999இல் அங்கும் கரும்பு நின்றது. விட்டுப்போன வயல்களில் வேற்றுநாட்டுப் புல் ஆளுயரம் வளர்ந்தது. 2023 ஆகஸ்ட் 8 அன்று பலத்த காற்றில் மின்கம்பிகள் அறுந்து விழுந்து மூண்ட தீ அந்தப் புல்லில் ஓடி ஊரையே எரித்தது. 102 பேர் மாண்டார்கள். சாம்பல் ஆறும் முன்னே, எரிந்த மனையை விற்பீர்களா என்று கேட்டுப் பிழைத்தவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. இதற்கு நவீனம் காரணமா என்று கேட்டால் மின்கம்பியைக் காட்டலாம். நான் வறண்ட ஓடையைத்தான் முதலில் காட்டுவேன்.

சுற்றுலாவைப் பற்றி ஏராளம் எழுதப்பட்டுவிட்டது. மாநிலமான 1959இல்தான் ஜெட் விமானங்களும் வரத் தொடங்கின. அந்த ஆண்டு சுமார் இரண்டரை லட்சம் பயணிகள். 2019இல் ஒரு கோடியைத் தாண்டினார்கள், 14 லட்சம் பேர் வாழும் தீவுகளுக்கு. கடற்கரை விடுதிகள் வரிசைகட்டும் வைகீகி, 1920களில் கால்வாய் வெட்டி வடிக்கப்படும்வரை சேப்பங்கிழங்கும் மீன்குளமும் நெல்லும் இருந்த ஈரநிலம். 1980களின் இறுதியில் மவுயியின் ஹொனொகஹுவாவில் சொகுசு விடுதிக்காகத் தோண்டியபோது 900க்கும் மேற்பட்ட முன்னோர் உடல்கள் வெளிப்பட்டன. போராட்டத்துக்குப் பிறகு விடுதி உள்பக்கம் தள்ளிக் கட்டப்பட்டது. ஹுலா நடனமும் விருந்தோம்பலும் விற்பனைச் சரக்கானதைக் கவிஞரும் பேராசிரியருமான ஹௌனானி-கே ட்ராஸ்க் தீராத கோபத்தோடு எழுதினார். அந்தக் கோபம் நியாயமானதுதான்.

இருந்தாலும் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்த ஜப்பானியர், பிலிப்பினோக்கள், சீனர், போர்ச்சுகீசியரின் பேரப்பிள்ளைகளைக் கேட்டால் கணக்கு வேறுவிதமாக வரும். தொழிற்சங்கம், 1946 கரும்பு வேலைநிறுத்தம், பள்ளிக்கூடம், வாக்குரிமை, முழுக் குடியுரிமை என்று அவர்களுக்கு வளர்ச்சி ஏற்றத்தையே தந்தது. யுகுலேலே போர்ச்சுகீசியரோடு வந்த சிறு நரம்பிசைக் கருவியின் வாரிசு. அதைப் பண்பாட்டுச் சிதைவு என்று எந்த ஹவாய்க்காரரும் சொல்லமாட்டார். தமிழருக்குக் கவாய் தீவு என்றதும் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடர் 1970இல் நிறுவிய சைவ ஆதீனமும், 2023இல் குடமுழுக்கு நடந்த அதன் இறைவன் கோயிலும் நினைவுக்கு வரலாம். அருகில் ஓடும் வைலுவா ஆற்றின் கரைகளில்தான் பழைய ஹவாய்க் கோயில்களின் கல்மேடைகள் இருக்கின்றன என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மீட்டெடுப்பின் வரலாறு நன்மை தீமைப் பட்டியலை இன்னும் குழப்புகிறது. ஹிலோவில் ஆண்டுதோறும் நடக்கும் மெர்ரி மோனார்க் ஹுலா விழா, 1960 ஆழிப்பேரலைக்குப் பின் சரிந்த ஊர்ப் பொருளாதாரத்தைத் தூக்கிநிறுத்தப் பயணிகளை ஈர்க்கும் உத்தியாகத்தான் பிறந்தது. 1971இல் போட்டியாக மாறிய பிறகு ஹுலா ஆசான்களின் மிக உயர்ந்த மேடை ஆயிற்று. 1976இல் கருவிகளே இல்லாமல், விண்மீனையும் அலையையும் பார்த்தபடி தாகிட்டி சென்ற ஹோகுலேயா படகின் உடல் ஒட்டுப்பலகையாலும் கண்ணாடியிழையாலும் ஆனது. அதைச் செலுத்திய மாவ் பியாய்லுக் மைக்ரோனேசியாவின் சதவால் தீவுக்காரர், ஏனென்றால் அந்தக் கலை தெரிந்தவர் ஹவாயில் அப்போது எஞ்சியிருக்கவில்லை. மொழி இதைவிட மோசமான நிலையில் இருந்தது. 1896 சட்டம் பள்ளிகளிலிருந்து அதைத் துரத்தியது. 1980களின் தொடக்கத்தில் ஹவாய் மொழி பேசும் சிறுவர்கள் நீஹாவ் தீவுக்கு வெளியே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். 1983இல் தொடங்கிய பூனானா லேயோ என்ற ஹவாய்மொழி ஆசிரியர்களின் முயற்சி, 1984இல் கவாயில் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. இன்று அந்த மொழியிலேயே பல்கலைக்கழகம் வரை படிக்கலாம்.

பூர்வகுடிகள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதும் இல்லை. ஹவாய்ப் பிள்ளைகளின் கல்விக்காக இளவரசி பவாஹி விட்டுச்சென்ற பிஷப் எஸ்டேட்தான் 1971இல் கலாமா பள்ளத்தாக்கிலிருந்து பன்றி வளர்ப்போரை வெளியேற்றியது. அந்த வெளியேற்றத்துக்கு எதிரான போராட்டத்திலிருந்துதான் நவீன ஹவாய் நில இயக்கம் கிளம்பியது. 2019இல் மவுனா கேயா மலையில் முப்பது மீட்டர் தொலைநோக்கியைத் தடுக்கச் சாலையில் அமர்ந்த முதியவர்கள் கைதானார்கள். அந்தத் தொலைநோக்கி வேண்டும் என்ற ஹவாய்க்காரர்களும் இருந்தார்கள். சண்டை வானியலோடு அல்ல, யாரைக் கேட்டு மலைமேல் கட்டுகிறீர்கள் என்பதில்தான். 2022இல் மலையின் நிர்வாகத்துக்குப் பூர்வகுடிகளும் இடம்பெறும் தனி அமைப்பைச் சட்டம் உருவாக்கியது.

இவ்வளவுக்கும் அடியில் ஓடும் இழப்பு வீட்டு வாடகையில் இருக்கிறது. ஒவாஹுவில் தனிவீட்டின் நடு விலை 2021இல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பூர்வகுடிகளுக்கென்று 1921இல் சட்டம் ஒதுக்கிய சுமார் 2 லட்சம் ஏக்கரில் மனைக்குக் காத்திருப்போர் 28,000க்கும் மேல். காத்திருந்தே இறந்தவர்கள் பலர். 2020 கணக்கெடுப்பில் ஹவாய் வழியினரில் பாதிக்கு மேற்பட்டோர் தீவுகளுக்கு வெளியே வாழ்வது தெரிந்தது. லாஸ் வேகாஸ் நகரத்தை ஒன்பதாவது தீவு என்றே சொல்கிறார்கள். மொழிப்பள்ளியும் விழாவும் படகும் இருந்தும், அவற்றில் கலந்துகொள்ளும் தூரத்தில் பாதிப் பேர் இல்லை. பண்பாடு மீண்டது, சமூகம் சிதறியது. இரண்டும் ஒரே ஐம்பது ஆண்டுகளில் நடந்தன.

மவுயியில் கடைசிக் கரும்பு 2016 டிசம்பரில் வெட்டப்பட்டது. 2018இல் மாநில நீர் ஆணையம் சேப்பங்கிழங்கு வயல்களுக்குப் பாயும் கிழக்கு மவுயி ஓடைகள் பலவற்றை முழுமையாக ஓடவிட உத்தரவிட்டது. அதே ஆண்டில் 41,000 ஏக்கர் கரும்பு நிலத்தை, கனடா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி முதலீடு செய்திருக்கும் ஒரு நிறுவனம் வாங்கியது. 1876 கால்வாயை நடத்தும் கம்பெனியில் பாதியும் அதன் கைக்கு வந்தது. 2022 நவம்பரில் மவுயி மாவட்ட வாக்காளர்கள், கிழக்கு மவுயி நீருக்கு மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய தனி ஆணையம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். ஆணையம் அமைந்துவிட்டது. அந்த ஓடைகள் பிறக்கும் காடு பெரும்பாலும் மாநில அரசின் நிலம். அதிலிருந்து நீர் எடுப்பதற்கான நீண்டகாலக் குத்தகையைக் கம்பெனி பெறுமா, இந்த ஆணையம் பெறுமா என்பதே இப்போது மவுயியில் பேசப்படும் அரசியல்.