சிறுமலரும் விசுவாச முயற்சியும்

நம் பழைய செபப் புத்தகங்களில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என மூன்று செபங்கள் அடுத்தடுத்து நிற்கும். பொருள் விளங்காமலே மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் நம்மில் பலர். ஐரோப்பிய மொழிகளில் 'செயல்' என்றே பொருள்படும் சொல்லை 'முயற்சி' எனத் தமிழாக்கிய முன்னோரின் நுண்ணறிவை, குழந்தை இயேசுவின் புனித தெரேசா எழுதிய 'ஓர் ஆன்மாவின் வரலாறு' நூலை மீண்டும் படித்தபோதுதான் நாம் உணர்ந்தோம்.

உண்மையைச் சொன்னால், இந்நூலின் முற்பகுதி நமக்குச் சற்றே திகட்டுகிறது. எங்கு நோக்கினும் மலர்கள், விளையாட்டுப் பொருள்கள், செல்லப் பெயர்கள். லிசியே கார்மேல் மடத்தில் 1895 முதல் 1897 வரை மூன்று கையேடுகளாக எழுதப்பட்டவற்றை, அதே மடத்தில் துறவியாயிருந்த அவர் தமக்கை ஆக்னஸ் அன்னை ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தி, 1898இல் ஒரே நூலாக அச்சிட்டார். மூலக் கையெழுத்துப் படி 1956இல்தான் வெளிவந்தது. அதற்குள் ரோசா மலர்களை ஏந்திய சுரூபம் ஊர்தோறும் பீடம் ஏறிவிட்டது. பலர் அந்தச் சுரூபத்தோடு நின்றுவிடுகின்றனர், இழப்பு அவர்களுடையதே.

ஏனெனில், நூலின் உயிர் மூன்றாம் ஏட்டில் இருக்கிறது. 1897 சூனில், காசநோயால் இறந்துகொண்டிருந்தபோது அவர் எழுதியது அது. முந்திய ஆண்டின் பெரிய வியாழன் இரவில் முதன்முதல் இரத்தம் கக்கியிருந்தார். அந்தப் பாஸ்காக் காலத்திலேயே உள்ளத்திலும் இருள் கவிந்தது. விண்ணகம் உண்டு என்பது குழந்தைப் பருவம் முதல் அவருக்கு ஐயமற்ற மகிழ்ச்சி. இப்போதோ அதை மறைத்து நிற்பது திரையன்று, வானளாவிய சுவர் என்கிறார். சாவுக்கு அப்பால் ஒன்றுமில்லை என ஏளனம் செய்யும் குரலையும் பதிவுசெய்கிறார். பின்னர்ச் சட்டென நிறுத்திவிடுகிறார்; மேலும் எழுதினால் தேவதூஷணம் ஆகிவிடுமோ என்ற அச்சம்! தன்வரலாறுகளில் இத்தகைய இடங்கள் அரியவை.

அதே பக்கத்தில்தான், தம் வாழ்நாள் முழுவதிலும் செய்ததைவிட இந்த ஓராண்டில் மிகுதியான விசுவாச முயற்சிகள் செய்ததாகக் கூறுகிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி, நற்செய்தி நூலோடு நெஞ்சருகே வைத்துக்கொண்டார். விசுவாசமற்றவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களைச் சகோதரர் என அழைத்து, அவர்களது கசப்பான பந்தியில் தாமும் அமர்ந்து, அவர்களுக்காகவும் இரக்கம் கேட்கிறார்.

இங்கே ஒரு வினா எழும். அவ்வாண்டில் அவர் இயற்றிய கவிதைகளில் விண்ணகப் பேரின்பம் பொங்கி வழிகிறதே, அது போலியா? அவரே இதற்கு விடை கூறுகிறார்: பாடும்போது தமக்கு மகிழ்ச்சி எதுவும் இல்லை, எதை விசுவசிக்க விரும்புகிறாரோ அதையே பாடுகிறார். போலி என்பது பிறரை ஏமாற்றுவது. இதுவோ உணர்வு விலகி நின்றபோதும் விருப்பத்தால் பற்றிக்கொள்வது. இதை அறிந்தபின் அக்கவிதைகள் நமக்கு வேறாக ஒலிக்கின்றன. முன்பு இனிப்பாகத் தோன்றிய வரிகளில் மூச்சிரைப்பு கேட்கிறது.

அந்த விருப்பம் அன்றாடம் பழகிய ஒன்று. மாலைத் தியானத்தில் பின்னால் அமர்ந்த சகோதரி ஒருவர், இரண்டு சிப்பிகளை உரசுவதுபோல் ஓயாமல் ஒலியெழுப்புவாராம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், ஒலி நின்றுவிடும். தெரேசா திரும்பவில்லை. உடல் வியர்த்தது, செபமோ துன்பமாயிற்று. முடிவில் அவ்வொலியையே இசையெனக் கேட்டு, இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்க முயன்றார். அற்ப நிகழ்ச்சிதான். ஆனால் வியர்த்ததை மறைக்காமல் எழுதுகிறாரே, அதனால்தான் நாம் அவரை நம்புகிறோம். செப நேரத்தில் ஏழாண்டுகளாக உறங்கிவிடுவதையும் அவர் ஒளிக்கவில்லை. உறங்கும் குழந்தையையும் பெற்றோர் நேசிக்கின்றனரே என்று தேறுகிறார்.

திருச்சபை 1997இல் இவரை மறைவல்லுநராக அறிவித்தது. ஆயினும், செபத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்று வருந்தும் தாய்மாரிடமும், கோயில் வாசலோடு நின்றுவிடும் இளைஞரிடமும் நாம் பெரும்பாலும் ரோசா மலர்க் கதைகளையே சொல்லி வருகிறோம். அக்டோபர் 1ஆம் நாள் விழாவுக்காக இந்நூலைக் கையில் எடுப்போர் மூன்றாம் ஏட்டை முதலில் படிக்கட்டும். முதல் ஏட்டின் மலர்களுக்கு அதன்பின் திரும்பலாம். அப்போது அவை திகட்டுவதில்லை.