கடையைப் பார்க்கிறார்கள், கணக்கைப் பார்க்கிறார்களா?

போன மாதம் அம்மாவுக்கு இன்சுலின் வாங்க காரைக்காலில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). ஃபிரிட்ஜில் இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தயிர் டப்பா. தெர்மாமீட்டர் 6 டிகிரி காட்டுது. "ராத்திரி கரண்ட் போனா எவ்வளவு காட்டும் தம்பி?" என்றேன். கடைப்பையன் சிரித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து 1945-ஆம் வருட மருந்து விதிகளை எடுத்து உட்கார்ந்தேன். விதி 51-ன்படி ஆய்வாளர் ஒவ்வொரு மருந்துக்கடையையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். லைசென்ஸ், பார்மசிஸ்ட், 10 சதுர மீட்டர் இடம் எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆனால் இன்சுலின் வருஷம் பூரா 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா? சர்வர் இப்போது ஓடுதான்னு பார்த்துவிட்டு, 365 நாளும் ஓடியதாகக் கையெழுத்துப் போடுகிற கதைதான் இது. லாக் எங்கே சார்?

இன்னொன்று ஹெச்1 பதிவேடு. 2013-ல் அறிவித்து, 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாடிக் விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்கணும். நோட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அது காகிதச் சோதனை. வாங்கிய பில்லில் 300 ஸ்ட்ரிப், அலமாரியில் 40, நோட்டில் 25 என்றால் மிச்சம் 235 எங்கே போச்சு? இந்தக் கழித்தல் கணக்குக்கு ஒரு எக்செல் போதும். என் பார்வையில் ஆய்வின் மையமே இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காரைக்காலுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நிர்வாகம் புதுச்சேரி, சுற்றிலும் தமிழ்நாடு. சரக்கு எல்லை தாண்டி வந்தால், விற்றவர் கணக்கு ஒரு துறையிடம், வாங்கியவர் கணக்கு இன்னொரு துறையிடம். வாஞ்சூர் செக்போஸ்ட்டில் பாட்டிலைத்தான் தேடுவார்கள், மாத்திரை அட்டையை இல்லை!

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் சிரப் விவகாரம். மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்தார்கள். தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை. தமிழ்நாட்டு ஆய்வில் டைஎத்திலின் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதி 0.1 தான். இதைக் கடையில் கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: இந்த பேட்ச் தன்னிடம் வந்ததா, எத்தனை பாட்டில் என்று உடனே சொல்வது. பேட்ச் நம்பர் பில்லில் ஏற்கனவே இருக்கு. அதை ஒரு மணி நேரத்தில் தேடி எடுக்க முடிகிறதா என்று எந்த ஆய்வாளராவது சோதித்துப் பார்க்கலாம்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள், நியாயம்தான். 200 கடைக்கு ஒரு ஆய்வாளர் வேண்டும் என்று மஷேல்கர் குழு 2003-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஒருவரும் வந்து பார்ப்பது சுவரில் மாட்டிய லைசென்ஸைத்தான் என்றால், ஆளைக் கூட்டியும் தயிர் டப்பா அங்கேயேதான் இருக்கும். சின்னக் கடைக்கு டேட்டா லாகர் கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. காலை, மாலை, கரண்ட் வந்த பிறகு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் டிகிரியை எழுதினாலே ஆய்வாளர் படிக்க ஏதாவது இருக்கும்.