புளிக்கும் ஓர் அளவு உண்டு

கல்பாத்தித் தேர் நெருங்கும் ஐப்பசியில், பாலக்காட்டு அக்ரகார வீடுகளில் பரணிலிருந்து குத்துவிளக்குகள் இறங்கும். கறுத்து, பிசுக்கேறி, கிணற்றடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஊர் தேரைப் பார்க்கட்டும்; எனக்கு இந்தத் துலக்கல்தான் விருந்து.

கைதேர்ந்த பாட்டிகள் எடுத்த எடுப்பில் புளியைத் தொடமாட்டார்கள். விளக்கை மரை திருகிப் பாகம் பாகமாகக் கழற்றி, சீயக்காயும் வெந்நீருமாக எண்ணெயை முதலில் எடுப்பார்கள். பிசுக்கு இருக்கும்வரை புளி பிடிக்காது. அப்புறம்தான் பழம்புளிச் சக்கையும் கல்லுப்பும் தேங்காய் நாரும். புளியின் டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைக்க, அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். உடனே கழுவிவிட்டு, சலித்த உமிச்சாம்பல். அதில் பெரும்பங்கு சிலிக்கா. மெருகு தருவது அதுதான். ஈரம் ஒற்றியபின் திருநீற்றை உலரத் தேய்த்தால், இலைநரம்பு மாதிரி செதுக்கிய கோடுகள்கூடத் துல்லியமாகத் தெரியும்.

வித்தை முழுக்கப் புளியை நிறுத்தும் நேரத்தில் இருக்கிறது. நேரமில்லை என்று ராத்திரி முழுக்க ஊறப்போட்டால், துத்தநாகம் கரைந்து செம்பு மேலே வந்து, விளக்கு ரோஜா நிறத்தில் அசடு வழியும். அதைப் பளபளப்பு என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர்!

விளக்கைப் போலவே துப்பாக்கித் தோட்டாவின் கூடும் பித்தளைதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுட்ட கூடுகளை மறுபடி நிரப்பும் வெளிநாட்டுக்காரர்கள் சிட்ரிக் அமிலத்தில் கழுவி, வால்நட் ஓட்டுத் தூளில் உருட்டி மெருகேற்றுவார்கள். நம் புளியும் உமிச்சாம்பலும் செய்கிற அதே வேலை. நேரம் தப்பினால் அங்கும் அதே ரோஜா நிறம். ஆனால் அமோனியா கலந்த பாலிஷை அவர்கள் கிட்டே சேர்ப்பதில்லை. அந்தப் பாடம் கிடைத்தது இந்தியாவில். பிரிட்டிஷ் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைக்க, கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாவும், தகட்டை இழுத்து நீட்டியதில் உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1921இல் விளக்கினார்கள். மிதமான சூட்டில் பதப்படுத்தினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்பதும் தெரிந்தது. வார்ப்பு விளக்குக்கு அந்த அளவு பயமில்லை. இருந்தாலும் மூக்கைத் துளைக்கும் திரவ பாலிஷ்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. அவை தரும் பளபளப்பு கண்ணாடித்தனமானது. சாம்பல் மெருகில் மஞ்சள் அடியிலிருந்து வருகிறது.

இடுக்கிப் பக்கம், மூணாறு மழையில், எந்த மெருகும் சீக்கிரம் மங்கும். அங்கே இருக்கிறவர்கள் தேய்ப்பதைவிட உலர்த்துவதில் கவனம் வைக்கலாம். முக்கியமாக மரைகளை: அவற்றில் தங்கிய புளித்தண்ணீர்தான் பச்சைக் களிம்பாக மாறி, அடுத்த வருஷம் விளக்கைக் கழற்றவிடாமல் செய்கிறது. துணிமுனையை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பாகங்களைப் பூட்டுங்கள்.