மூன்று துள்ளல்: மாடுபிடி வீரர்களின் பாணி குறித்து

அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் 2022ஆம் ஆண்டு அவ்வூர் கார்த்திக் 24 காளைகளைப் பிடித்து முதலிடம் பெற்றார். 2023இல் ஜெய்ஹிந்த்புரம் விஜய் 28 காளைகளைப் பிடித்தார். கார்த்திக்குக் கிடைத்தது இரண்டாமிடம். 2024இல் 17 காளைகளோடு கார்த்திக் மறுபடியும் முதலிடத்துக்கு வந்தார். 2025இல் திருப்பரங்குன்றம் கார்த்திக் 19 காளைகளோடு முதலிடம் பெற்றார். தை முதல் நாள் மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் மேடையில் கார் சாவி கைமாறுகிறது, மறுநாள் நாளிதழில் படம் வருகிறது, கூடவே இந்த எண்ணும் வருகிறது. முதலிடம் பெற்றவர் எந்தப் பக்கத்திலிருந்து பாய்கிறார், காளை சுற்றும்போது உடம்பை எங்கே வைத்துக்கொள்கிறார், எப்படி விடுகிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை.

ஜல்லிக்கட்டைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நாம் எழுதிக் குவித்தது கொஞ்சமில்லை. பண்பாடு, நாட்டு மாட்டினம், விலங்கு வதை, சாதி, சட்டம், மெரினா போராட்டம் என எல்லாக் கோணத்திலும் எழுதியாயிற்று. பிடிப்பவனின் தொழில்நுட்பத்தைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ‘வீரம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பத்து ஆண்டு உழைத்துப் பழகிய ஒரு வித்தையைப் பிறவிக் குணமாக்கிவிடுவது அதைக் கற்றவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஒரு பிடியைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். அவனியாபுரத்தில் திருப்பரங்குன்றம் சாலையில் வாடி, அதாவது காளை வெளிவரும் வாசல், அமைக்கிறார்கள். அலங்காநல்லூரில் உள்ளதுபோல நிலையான வாடிவாசல் இங்கே கிடையாது. கம்புகளும் பலகைகளும் கொண்டு பொங்கலுக்குப் பொங்கல் எழுப்புவது. வாடியின் முன்னே தேங்காய் நார் பரப்பியிருக்கும். வீரர்கள் வாசலுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, நிற்கவும் மாட்டார்கள். இரு பக்கத்திலும் அணைமரத்தை ஒட்டி, முதுகை மரத்தோடு சாய்த்து, ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே மூக்கணாங்கயிற்றை உருவியதும் காளை வருகிறது. அதன் கொம்பு வாசலைத் தாண்டும்வரை தேர்ந்த வீரர் அசைய மாட்டார். புதியவர் கொம்பைப் பார்த்துக் கை நீட்டுவார். அந்தக் கை காளைக்குத் தெரிந்துவிடும். தேர்ந்தவர் கொம்பைப் போகவிட்டு, கழுத்து கடந்து திமில் எதிரே வரும் நொடியில் தாவுகிறார். இரண்டு கைகளும் திமிலைச் சுற்றி வளைக்கின்றன. கன்னம் காளையின் தோளில் ஒட்டுகிறது, மார்பு விலாவோடு சேர்கிறது.

பாதுகாப்பு இருப்பதும் அங்கேதான். காளையின் கொம்பு முன்னும் பக்கவாட்டிலும் வீசும். தன் திமிலை ஒட்டி இறுகிக் கிடப்பவனைக் குத்த அதற்கு இடம் போதாது. உடம்புக்கும் மாட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டால் அந்த இடைவெளிக்குள் கொம்பு வந்துவிடும். பயத்தில் உடம்பு தானாக விலகப் பார்க்கும், விலகினால் ஆபத்து. அந்த இயல்பை மாற்றி, ஆபத்து நேரத்தில் நெருங்கச் சொல்லி உடம்பைப் பழக்குவதுதான் இந்த வித்தையின் முதல் பாடம். ‘அணைஞ்சு பிடி’ என்று ஓரத்திலிருந்து கத்துகிறார்களே, அந்த இரண்டு சொல்லில் பாடம் முழுக்க அடங்கியிருக்கிறது.

பிறகு காளை தன் வேலையைத் தொடங்கும். நேராக ஓடும் மாடு பெரிய சிக்கலில்லை. துள்ளும் மாடு முன்னங்காலைத் தூக்கி இறங்கும்போது பிடித்தவனின் கை நழுவும். வியர்வையில் திமில் வழுக்கும். சுற்றும் மாடுதான் கொடியது. பிடித்தவன் எந்தப் பக்கம் தொங்குகிறானோ அந்தப் பக்கமே அது திரும்பும். அப்போது கால் தரையில் ஊன்றியிருந்தால் உடம்பு பின்தங்கிப்போகும். காலைத் தூக்கி, மாட்டின் சுழற்சியோடு தானும் பறந்து, தரையைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். மூன்று துள்ளல், அல்லது 15 மீட்டர் எல்லைக் கோடு வரை தாங்கினால்தான் பிடி செல்லும். ஒலிபெருக்கி எண்ணிக்கொண்டிருக்கும்.

பிடிப்பதைவிட விடுவது கடினம் என்று பழகியவர்கள் சொல்வார்கள். பார்த்த அளவில் அது முழு உண்மை. காளை ஓடும் திசைக்குப் பின்புறமாக, கொம்புக்கு எட்டாத பக்கமாகக் குதித்து அணைமரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுக்களத்தில் விழுந்தால் எழக் கூடாது. குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். எழுந்து ஓடுகிறவனைத்தான் காளை துரத்தும். கூட்டம் கைதட்டும் நேரம் பிடிபட்ட நொடி. களம் அறிந்தவர்கள் அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், இறங்கியவன் எந்தப் பக்கம் இறங்கினான் என்று.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் கண் நமக்கு இல்லாமல் இருந்ததில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில் சோழன் நல்லுருத்திரனின் ஏறுதழுவல் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். காளைகள் நிறம் நிறமாக, நெற்றிச்சுட்டியோடும் கொம்பின் வடிவத்தோடும் தனித்தனியே தொழுவில் புகுகின்றன. எவன் கழுத்தைத் தழுவினான், எவன் திமிலில் தொங்கினான், எவன் குத்துப்பட்டுக் குடல் சரிந்தான் என்று தனித்தனியாகச் சொல்லப்படுகிறது. பரணில் நின்று பார்க்கும் பெண்களின் பேச்சாக அது வருவதால் அந்தப் பார்வை கூர்மையாகவும் இருக்கிறது. யாரைக் கட்டிக்கொள்வது என்ற முடிவு அதில் தொங்கும்போது கண் எப்படித் தளரும்?

அடுத்த பெரிய சாட்சி சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959இல் வந்த குறுநாவல். செல்லப்பா வத்தலக்குண்டில் வளர்ந்தவர், மாடுபிடியைப் பார்த்துப் பழகியவர். பிச்சி என்ற இளைஞன், ஜமீன்தாருடைய காளையும் தன் அப்பன் அம்புலியைக் கொன்றதுமான காரியை அணைய வருகிறான். கதையைப் பழிவாங்கல் கதையாகப் படிப்பவர்கள் பாதிதான் படிக்கிறார்கள். செல்லப்பா மெனக்கெட்டது வேறு இடத்தில்: பிச்சி எங்கே நிற்கிறான், பக்கத்தில் நிற்கும் மருதன் எப்படித் துணை கொடுக்கிறான், காரி தலையைத் தாழ்த்தும்போது அதன் கண் எதைப் பார்க்கிறது. ஒரு பாய்ச்சலை அவர் பத்தி பத்தியாக நிறுத்தி எழுதுகிறார். வேறு மொழியில் குத்துச்சண்டையைப் பற்றியோ காளைச் சண்டையைப் பற்றியோ எழுதிய பெரிய உரைநடைக்கு இணையாக வைக்கத் தமிழில் இது ஒன்று இருக்கிறது. இதற்குப் பின் அந்தத் தரத்தில் இன்னொன்று வரவில்லை. திரைப்படம் காளையை எடுத்துக்கொண்டது. ‘முரட்டுக்காளை’யும் ‘விருமாண்டி’யும் கதாநாயகனின் அறிமுகத்துக்கு அதைப் பயன்படுத்தின. அவற்றில் பாணி கிடையாது, மிடுக்கு உண்டு.

செல்லப்பா எழுதிய பிடிக்கும் இன்று அவனியாபுரத்தில் நடக்கும் பிடிக்கும் நடுவே ஒரு பெரிய மாற்றம் நேர்ந்துவிட்டது. அன்று கொம்பு இலக்கு. பரிசு கொம்பில் கட்டியிருக்கும்; அதை அவிழ்க்க வேண்டுமானால் கை கொம்புக்குப் போக வேண்டும். ஒரு கை திமிலில், மறு கை கொம்பில், தேவைப்பட்டால் கூட்டாளியின் துணை. இன்று கொம்பைப் பிடித்தால் செல்லாது, வாலைப் பிடித்தால் செல்லாது, இரண்டு பேர் தொங்கினால் செல்லாது. ஒருவர், திமில் மட்டும், குறித்த எல்லைக்குள். இந்த வடிவம் நீதிமன்றங்களும் சட்டமன்றமும் சேர்ந்து செதுக்கியது. 2006இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தடை உத்தரவு, 2009இல் தமிழ்நாட்டின் ஒழுங்குமுறைச் சட்டம், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத் தடை, 2017 சனவரிப் போராட்டம், அவசரச் சட்டம், அதே ஆண்டு பிப்ரவரி 5 அன்று அவனியாபுரத்தில் மீண்டும் வாடி திறந்தது, 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற ஐந்து நீதிபதிகள் அமர்வின் இறுதித் தீர்ப்பு. இந்த வரலாற்றை அரசியலாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். விதி மாறியபோது வீரனின் உடம்பும் மாறியது. கொம்பை மறந்து திமிலுக்கே பழகிய ஒரு தலைமுறை வந்திருக்கிறது. இவர்கள் தாவல் வேகமானது, நெருக்கமானது. துணைக்கு ஆள் கிடையாது என்பதால் விடும் கணக்கும் இவர்களுடையதே.

விதி பாணியை உண்டாக்கும் என்பதற்கு ஜப்பானில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. தொழில்முறை மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகி 1943இல் யோகோஹாமாவில் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு பிரேசிலுக்குப் போய், அங்கே மல்யுத்த வீரர் ரிகிடோசானின் கண்ணில் பட்டு ஜப்பான் திரும்பியவர். 1960 செப்டம்பர் 30 அன்று இன்னொரு மல்யுத்த வீரரான ஜயன்ட் பாபாவும் அவரும் ஒரே நாளில் களம் இறங்கினார்கள். 1972இல் நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் அமைப்பைத் தொடங்கினார். 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியோடு மோதியபோது அவருக்குத் தெரிந்த பிடிகள் பலவற்றுக்கு விதிகள் இடம் தரவில்லை. பதினைந்து சுற்றும் பெரும்பாலும் தரையில் மல்லாந்து கிடந்து அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். சமநிலையில் முடிந்தது. அன்று கூட்டம் சலித்தது. பின்னாளில் கலப்புத் தற்காப்புச் சண்டையின் முன்னோடியாக அதையே ஆராய்ந்தார்கள்.

இனோகியின் பெயரைச் சொன்னால் ஜப்பானிய ரசிகர் உடனே அவருடைய பிடியைச் சொல்வார்: ‘மன்ஜி-கட்டமே’. நின்றபடியே எதிராளியின் காலில் தன் காலைப் பின்னி, மறு காலைக் கழுத்தின் மேல் போட்டு, கையை முறுக்கி விலாவை இழுக்கும் பிடி. தாவிப் பின்மண்டையில் விடும் உதைக்கு ‘என்சுயிகிரி’. ரிகிடோசான் என்றால் கராத்தே வெட்டு. அங்கே ஒவ்வொரு சாம்பியனுக்கும் பிடி உண்டு, அதற்குப் பெயர் உண்டு, அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வம்சாவளி உண்டு. மல்யுத்த இதழ்கள் இதையே எழுதித் தீர்க்கின்றன. இத்தனைக்கும் தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி முன்கூட்டியே முடிவாவது. யார் ஜெயிப்பார் என்று எழுதிவைத்த ஆட்டத்தில் எப்படி ஆடினார் என்பதை அவர்கள் பொன்போலச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காளை யாரிடமும் முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. அந்தக் களத்தில் நடப்பதற்கு நம்மிடம் எண் மட்டுமே மிஞ்சுகிறது.

எண் மட்டும் மிஞ்சுவதால் ஆட்டமும் எண்ணின் பக்கம் சாய்கிறது. ஆயிரம் காளைகள், நூற்றுக்கணக்கான வீரர்கள், சுற்றுக்குச் சுற்று வேறு நிறச் சட்டை. சுற்றில் அதிகம் பிடித்தவர் இறுதிச் சுற்றுக்குப் போகிறார். முதல் முறை வாடி பார்க்கும் மிரண்ட கன்றும் ஒன்று. பத்துக் களம் கண்டு, வாசலிலேயே நின்று, மண்ணைக் குத்திக் கிளறி, ஒருவரையும் நெருங்கவிடாமல் நின்று விளையாடும் மாடும் ஒன்று. இரண்டுக்கும் கணக்கில் ஒரே மதிப்பு. கெட்டிக்கார வீரர் அந்த நின்று விளையாடும் மாட்டைத் தொடாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படி. 2024 அலங்காநல்லூரில் முதலிடத்துக்கு 18, இரண்டாமிடத்துக்கு 17 என்று அறிவித்தபோது எழுந்த சர்ச்சையும் ஒரு காளையைப் பற்றியதுதான்.

அந்த 17 காளைகளைப் பிடித்தவர் சிவகங்கை மாவட்டம் பூவந்தியைச் சேர்ந்த அபி சித்தர். 2023 அலங்காநல்லூரில் 26 காளைகளோடு முதலிடம், 2024 சனவரி 24 அன்று திறந்த கீழக்கரை ஜல்லிக்கட்டு அரங்கின் முதல் போட்டியிலும் முதலிடம், 2025 அலங்காநல்லூரில் 20 காளைகளோடு மறுபடி முதலிடம். பாலமேடு ஜல்லிக்கட்டில் பொதும்பு பிரபாகரன் ஒருமுறைக்கு மேல் முதலிடம் கண்டவர். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் இப்படி நடக்காது. வெவ்வேறு வாடி, வெவ்வேறு மண், நூற்றுக்கணக்கான காளைகள் என எல்லாம் மாறியும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப முன்னால் வருகிறார் என்றால் அவரிடம் ஒரு முறை இருக்கிறது. அந்த முறைதான் எழுதப்பட வேண்டிய பொருள்.

எண்ணுக்கு ஒரு விலையும் உண்டு. 2023 பாலமேட்டில் 9 காளைகளைப் பிடித்திருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் அன்றே காளை முட்டி இறந்தார். களைப்புக்கும் கணக்குக்கும் உள்ள உறவை நாம் பேசியே ஆக வேண்டும். ஒரே நாளில் இருபது காளைகளை மார்போடு அணைத்த உடம்பில் கையின் பிடி தளர்ந்திருக்கும், தாவல் ஒரு கணம் பிந்தும். கொம்புக்கு அந்த ஒரு கணம் போதும். அவனியாபுரத்தில் விழாக் குழு யார் என்ற தகராறு நீதிமன்றம்வரை போய், மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் முன்னின்று நடத்தும் நிலை வந்திருக்கிறது. அரசே நடத்தும்போது, ஒருவர் தொடர்ந்து எத்தனை காளைக்குப் பாயலாம், நடுவே எவ்வளவு ஓய்வு என்பதையும் அரசே எழுதிவைக்கலாம்.

இந்த அறிவு எங்கே கிடக்கிறது? வர்ணனையாளர்களிடம் கிடக்கிறது. எந்தக் காளை இடப்பக்கம் திரும்பும், எது வாசலில் நிற்கும், எது சென்ற ஆண்டு யாரை எறிந்தது என்பதெல்லாம் அவர்கள் நாக்கு நுனியில் இருக்கும். மாலையில் ஒலிபெருக்கியோடு அதுவும் அணைந்துபோகும். மாட்டுக்காரர்களிடம் கிடக்கிறது, புலிக்குளம் மாட்டின் கொம்பு விரிந்ததா கூடியதா என்பதை வைத்து எந்த வீரர் அதை நெருங்குவார் என்று அவர்கள் முந்திய நாளே சொல்லிவிடுவார்கள். மார்கழி முழுக்கக் கொல்லைகளில் வாடிக்கம்பு நட்டு இளங்காளைகளோடு பழகும் பையன்களிடமும் கிடக்கிறது. கைப்பேசிகளில் படமாகவும் கிடக்கிறது, ஆயிரக்கணக்கில். ஆளும் மாடும் ஆண்டும் குறிக்காத படம் சில ஆண்டில் யாருக்கும் பயன்படாமல் போகும்.

கீழக்கரை அரங்கில் கோப்பையும் புகைப்படமும் வைக்க இடம் இருக்கிறது. அதோடு ஒரு பதிவேடும் வைக்கலாம். தேதி, வாடி, காளையின் பெயரும் இனமும், வீரரின் பெயர், எந்தப் பக்கத் தாவல், நேர் ஓட்டமா சுற்றலா, எத்தனையாவது துள்ளலில் விட்டார் அல்லது விழுந்தார், எந்தப் பக்கம் இறங்கினார். ஒரு பிடிக்கு ஒரு வரி போதும். நடுவருக்குப் பக்கத்தில், மாடு பிடித்து ஓய்ந்த பழைய ஆள் ஒருவரும் எழுதத் தெரிந்த பையன் ஒருவனும் உட்கார்ந்தால் ஒரே நாளில் ஆயிரம் வரி சேரும்.