நரகம் தள்ளுபடி!

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் நிற்க இடம் கிடைப்பதில்லை. 2,668 அடி உயர மலையின் உச்சியிலே கொப்பரை எரிகிறது. கீழே கூடிய கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. நினைத்தாலே முத்தியாம்! தீபத்தின் ஒளி பட்டால் புழுவுக்கும் கொசுவுக்கும்கூடப் பிறவி அறுமாம்!

அதே ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளியும் உண்டு. லுத்தரன் பாதிரிமார் கடல் கடந்து வந்து எழுத்தறிவித்த இடம். நன்றி கூற நாம் தயங்கோம். ஆனால் அவர்களது மார்க்க ஏட்டிலும் ஒரு நெருப்பு எரிகிறது. 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவு, நரக தண்டனைக்கு முடிவுண்டு என்போரைக் கண்டிக்கிறது. மலைமேல் எரிவது முத்தி தரும் தீ. ஏட்டில் எரிவது முடிவே இல்லாத தீ!

இந்தத் தீயில் வேகுபவர் யார்? நம் முத்துக்குளித்துறையிலே பரதவரிடம் போதித்த சவேரியார், பின்னர் ஜப்பான் சென்றார். அங்கே மதம் மாறியோர், இறந்துபோன தாய் தந்தையரை மீட்க வழியில்லையா என்று கேட்டனர். இல்லை என்றார் அவர். அவர்கள் அழுதனர். அந்த அழுகையை 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவரே குறித்திருக்கிறார். பெயரையே கேட்டறியாத பாட்டனுக்கு, அந்தப் பெயரைச் சொல்லாத குற்றத்துக்காக முடிவில்லாத் தீ! இதற்குப் பெயர் அன்பு மார்க்கம்!

அழுகையைக் கேட்டு மனம் மாறியவரும் இருந்தனர், மறைக்கமாட்டோம். 1860இல் சென்னையிலிருந்து டுரூரோ கப்பல் நம்மவரைக் கூலிகளாகக் கொண்டுபோய் இறக்கிய நேட்டாலிலே, கொலன்சோ என்றொரு பிஷப் இருந்தார். கறுப்பின ஜூலு மக்களிடையே பணிபுரிந்தவர். முடிவில்லாத் தண்டனையை ஒப்பமாட்டேன் என்று 1861இல் தம் உரோமர் நிருப உரையில் எழுதினார். 1863இல் சபை அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1865இல் பிரிவி கௌன்சில் அது செல்லாது என்றது.

அதற்கு முந்திய ஆண்டுதான் நரகமே அந்தக் கௌன்சிலின் படியேறிற்று. தண்டனை முடிவற்றதாக இராது என நம்புவது சபை விதிக்கு முரணன்று என்று 1864இல் தீர்ப்பு. செலவுத் தொகையோடு நரகத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார் நீதிபதி என்று ஊர் சிரித்தது. சிரிக்காதவர் ஏறத்தாழ 11,000 பாதிரிமார். நரகம் வேண்டும், முடிவில்லாததாகவே வேண்டும் என்று கையொப்பமிட்டனர்! அயலானை எரிக்க இத்தனை ஆர்வமா?

இது புதிய சண்டையுமன்று. எல்லோரும் இறுதியில் மீட்கப்படுவர் என்ற ஒரிகனை 553இல் சபை சபித்தது. 1953இல் நார்வேயிலே ஹாலஸ்பி வானொலியில் நரகத்தைக் காட்டி மிரட்ட, அன்பின் சமயத்தில் அதற்கு இடமில்லை என்றார் பிஷப் ஷெல்டெரூப். நரகம் ஓர் இடமன்று, ஒரு நிலையே என்று 1999இல் போப்பே கூறினார். இடம் நிலையாயிற்று! ஆண்டவன் இறங்கி வந்து அணைத்தானா? மனிதனின் இரக்கம் வளர்ந்தது, தீ தணிந்தது, அவ்வளவே.

எல்லோருக்கும் மீட்பு என்போரை, நரகத்தை விற்போரினும் மேலானவர் என்றே மதிக்கிறோம். ஆனால் அவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. இறந்தபின் எல்லோருக்கும் இடமுண்டு, சரி, இறப்பதற்கு முன்? ஒரே தேவனின் பிள்ளைகள் வாழும் எறையூரில், ஆதிதிராவிடக் கிறித்தவர் தமக்கெனத் தனிப் பங்கு கேட்குமளவுக்குச் சாதி சுட்டது. 2008 மார்ச்சில் கலவரமும் துப்பாக்கிச் சூடுமாகி இருவர் மாண்டனர்.

கொசுவுக்கும் முத்தி தரும் மலைக்கு வருவோம். அதே மாவட்டத்தில், தண்டராம்பட்டை அடுத்து, தென்முடியனூர். அவ்வூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகள் நுழைய முடியவில்லை. ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அம்மக்கள் உள்ளே கால் வைத்தது 2023 சனவரி 30 அன்று. காவலர் படை சூழ, கலெக்டர் முன்செல்ல.